ஓய்வூதியம் ஈடுகட்டாத ஐந்து

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஒருவர் வழக்கமாக 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். மாலை, சால்வை, குழுப் படம், சாப்பாடு எல்லாம் முடிந்ததும் அலுவலகத்தார் வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த சில வாரங்கள் நன்றாகவே ஓடும். தள்ளிப்போட்ட கோயில் பயணம், கண் அறுவை சிகிச்சை, வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் பத்து நாள். அதன் பிறகுதான் சிலருக்கு ஏதோ சரியில்லாமல் போகிறது. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. செய்தித்தாளை எடுத்தால் மனம் நிற்பதில்லை. காபி ஆறிப்போனதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். வீட்டிலுள்ளவர்கள் "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. வயதாவதால் மட்டும் யாருக்கும் மனச்சோர்வு வருவதில்லை. வந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. அதில் ஒரு வகை மாத்திரையைவிடப் பேச்சை நம்பியது. உளவியல் சிகிச்சை, கவுன்சலிங் என்றெல்லாம் சொல்லப்படும் அது மூத்த வயதினருக்கு எப்படி உதவுகிறது, உள்ளே போனால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

வேலை என்னவெல்லாம் கொடுத்தது?

1930ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்ற சிற்றூரின் ஒரே பெரிய துணி ஆலை மூடப்பட்டது. ஊரே வேலையிழந்தது. அங்கே போய் மக்களோடு பழகி ஆய்வு செய்தவர்கள் மரீ யஹோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர். நேரம் நிறையக் கிடைத்ததால் மக்கள் அதிகம் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து யஹோடா பின்னாளில் ஒரு பட்டியல் தந்தார். சம்பளம் கண்ணுக்குத் தெரிகிற பலன். அதன் நிழலில் வேலை இன்னும் ஐந்து பலன்களைத் தருகிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு, ஊரில் ஒரு பெயர், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுந்து இயங்க வைக்கும் ஒரு கட்டாயம்.

வேலையிழப்பும் பணி ஓய்வும் ஒன்றில்லை. ஓய்வு எதிர்பார்த்து வருவது, அதில் அவமானமும் இல்லை. ஆனாலும் போகிற பொருள்கள் அதே ஐந்துதான். ஓய்வூதியம் சம்பளத்தை ஓரளவு ஈடுகட்டும், மற்ற ஐந்தை ஈடுகட்டாது. பெரும்பாலானவர்கள் இந்த இடைவெளியைத் தாங்களாகவே நிரப்பிக்கொள்கிறார்கள். விரும்பாமல் வெளியேற்றப்பட்டவர்கள், உடம்பு முடியாமல் விலகியவர்கள், வேலையையே தன் முழு அடையாளமாக வைத்திருந்தவர்கள், அதே காலத்தில் துணையை இழந்தவர்கள் ஆகியோருக்குத்தான் அது கடினம். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆச்லி 1970களில் ஓய்வுக் காலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். தொடக்க உற்சாகம், பிறகு ஏமாற்றம், பிறகு வாழ்க்கையைத் திரும்ப அடுக்கிக்கொள்வது, கடைசியில் ஒரு நிலை. எல்லாரும் எல்லாக் கட்டத்தையும் கடப்பதில்லை. சிகிச்சைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஏமாற்றக் கட்டத்தில் சிக்கிக்கொண்டவர்கள்.

"கோயில் குளம்னு போங்க, பேரப்பிள்ளைங்களோட விளையாடுங்க" என்ற அறிவுரை பலருக்குப் பலிக்காமல் போவதும் இதனால்தான். ஐந்தில் எது போனது என்று கேட்காமலே மருந்து சொல்கிறார்கள். எது போனது என்று கண்டுபிடிப்பதில்தான் பேச்சு வைத்தியம் தொடங்குகிறது.

இந்த வயதில் மனம் மாறுமா?

இந்தச் சந்தேகம் புதிதில்லை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1904இல் ஆற்றிய உரை ஒன்றில், ஐம்பதை நெருங்கியவர்களுக்கும் கடந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது, மனத்தின் நெகிழ்ச்சி போய்விடும் என்றார். அப்போது அவருக்கு வயது 48. எண்பதைத் தாண்டியும் அவர் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை. அவருடைய சீடர் கார்ல் ஆபிரகாம் 1919இலேயே மாற்றுக் கருத்துச் சொன்னார். ஆளின் வயதைவிட, அவருடைய மனப்பிரச்சினை எந்த வயதில் தொடங்கியது என்பதே முக்கியம் என்றார்.

இதைச் செய்தே காட்டியவர் லில்லியன் மார்ட்டின். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்து 1916இல் 65 வயதில் ஓய்வு பெற்றார். 1929இல், தன் எழுபதுகளின் கடைசியில், சான் பிரான்சிஸ்கோவில் முதியவர்களுக்கென்றே ஓர் ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். பிற்பாடு வந்த ஆய்வுகளும் அவர் பக்கமே நின்றன. மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சைகள் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் பலன் தருகின்றன.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. மனநிலையை ஆராய்ந்து பேச்சுச் சிகிச்சை அளிப்பது அவர் வேலை. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர் என்ற பெயரில் இருப்பவர்களின் பயிற்சி ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், என்ன படித்தீர்கள், முதியவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார். அங்கே பேசுவது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த ரகசியக் காப்பை ஓர் உரிமையாகவே தருகிறது. தந்தை என்ன பேசினார் என்று மகன் கேட்டாலும் ஆலோசகர் சொல்ல வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு.

அறைக்குள் என்ன நடக்கும்?

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். புயல் அடித்தால் அந்தப் பகுதியே அவர் வரவுக்குக் காத்திருந்தது. இப்போது அவர் போன் அடிப்பதே இல்லை. வீட்டில் மின்விசிறி பழுதானால்கூட மகன் ஆப் வழியாக வேறு ஆளை வரவழைக்கிறான்.

முதல் ஓரிரு அமர்வுகள் விசாரணைதான். தூக்கம், பசி, சாப்பிடும் மாத்திரைகள், மதுப் பழக்கம், வீட்டில் யார் யார், காது நன்றாகக் கேட்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்பார்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கப்பட்டதே பலருக்கு ஆறுதல். மூத்தவர்களுக்கென்று 1980களில் உருவான ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. அதன் சுருக்க வடிவத்தில் 15 கேள்விகள். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். உடம்பு வலியும் தூக்கக் குறைவும் அந்த வயதில் வேறு காரணங்களாலும் வரும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, மனநிலையை மட்டும் கேட்கும்படி அது அமைந்திருக்கிறது.

கூடவே உடல் பரிசோதனையும் தேவைப்படும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, சில மருந்துகள் எல்லாம் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். மறதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுவாக மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு எதுவுமே நினைவில் நிற்கமாட்டேங்குது" என்று தானே புலம்புவார். மறதி நோய் தொடங்கியவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை, வீட்டாருக்குத்தான் தெரியும்.

பிறகு சிகிச்சை. வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம்போல. சுமார் எட்டு முதல் பதினாறு வாரம். முறைகள் பல உண்டு. ஆலோசகர்கள் தேவைக்கேற்ப அவற்றைக் கலந்தும் கையாள்வார்கள்.

ஒரு முறை, ஓய்வை ஒரு பொறுப்பிலிருந்து இன்னொரு பொறுப்புக்கு மாறுவதாகப் பார்க்கிறது. போனதற்கு முதலில் துக்கப்பட இடம் தருவார்கள். பழைய வேலையின் நல்லதை மட்டும் பேச விடுவதில்லை. நம் போர்மேனிடம் தீபாவளி இரவுகளில் வீட்டில் இல்லாமல் போனது, நள்ளிரவுப் போன்கள், மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சு எல்லாவற்றையும் கேட்பார்கள். இருந்ததை இருந்தபடி பார்த்தால்தான் அதை விட்டு நகர முடியும். அடுத்து, புதிய வாழ்க்கையில் என்ன சாத்தியம், அதற்கு யார் துணை என்று தேடுவார்கள். இவர் தினமும் நடக்கிறார், நண்பர்களும் உண்டு. எனவே நாளின் ஒழுங்கும் மனிதர்களும் இவருக்குக் குறைவில்லை. போனது பெயரும், பலரோடு சேர்ந்து செய்த காரியமும். கோயிலுக்குப் போகச் சொன்னது ஏன் பலிக்கவில்லை என்பது அப்போது புரிகிறது. தன் சொல்லுக்கு யாராவது காத்திருக்கும் ஓர் இடம் அவருக்கு வேண்டும். அது ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு வாரம் ஒரு நாள் செய்முறை சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவரே. ஆலோசகர் கேள்விகளால் கூட நடப்பார்.

இரண்டாவது முறை செயலிலிருந்து தொடங்குகிறது. மனம் சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருந்தால் மனம் சரியாவதில்லை. சிறிதாகச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும். ஒரு வாரம் மணிக்கு மணி என்ன செய்தோம், அப்போது மனநிலை எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள். மதியம் இரண்டு முதல் ஐந்துவரைதான் மோசம் என்று தெரிந்தால் அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் திட்டம் போதும். எண்ணங்களையும் இதே கறாரோடு பார்ப்பார்கள். "ஈ காக்காகூட என்னைத் தேடி வரல" என்று அவர் சொன்னால், அப்படியெல்லாம் இல்லை என்று சமாதானம் சொல்ல மாட்டார்கள். போன மாதம் யார் யார் வந்தார்கள், நீங்கள் யாரைத் தேடிப் போனீர்கள் என்று கணக்கெடுப்பார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது.

மூன்றாவது, வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது. "பெரியவர் பழைய கதையே பேசுறார்" என்று சலித்துக்கொள்கிறோம். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்ற எண்ணத்தை மறுத்தார். முடிவு அருகில் வருவதை உணர்ந்த மனம் தன் வாழ்க்கையைச் சரிபார்த்துக்கொள்ளும் இயல்பான வேலை அது என்றார். வாழ்ந்ததை ஏற்றுக்கொண்டு நிறைவடைவதா, கசந்துபோவதா என்பதே முதுமையின் கேள்வி என்று உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் அதற்கு முன்பே 1950இல் எழுதியிருந்தார். சிகிச்சையில் இந்த நினைவுகூரல் முறைப்படுத்தப்படுகிறது. பிள்ளைப் பருவம், படிப்பு, முதல் வேலை, திருமணம் என்று வாரம் ஒரு பருவம். பெருமைகளோடு வருத்தங்களும் வரும். நம் போர்மேன், கம்பத்தில் மின்சாரம் தாக்கி இறந்த சக ஊழியரைப் பற்றி இருபது ஆண்டுகளில் முதல் முறையாகப் பேசக்கூடும்.

உடம்பு தளர்வதற்கு இன்னொரு வழி கைகொடுக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் பால் பால்ட்டஸ் அதைப் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைனை வைத்து விளக்கினார். எண்பது வயதிலும் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ரூபின்ஸ்டைன் சொன்ன விவரங்கள் மூன்று. குறைவான உருப்படிகளையே வாசிக்கிறேன். அவற்றை அதிகம் சாதகம் செய்கிறேன். வேகமான பகுதிக்குச் சற்று முன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன், அடுத்து வருவது வேகமாகக் கேட்கும். தேர்ந்தெடு, தேற்று, ஈடுகட்டு. முட்டி வலியால் நடைப்பயிற்சியை விட்டவரிடமும் கண் மங்கியதால் படிப்பை விட்டவரிடமும் ஆலோசகர் இந்த மூன்றையும் பொருத்திப் பார்ப்பார்.

கோவாவில் ஒரு சோதனை

இதெல்லாம் வசதியுள்ள நகரத்தாருக்கு என்று தோன்றலாம். கோவாவில் நடந்த ஒரு சோதனை வேறு சொல்கிறது. மனச்சோர்வு முழுதாக வருமுன் அதன் லேசான அறிகுறிகளோடு இருந்த, 60 வயது கடந்த 181 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒரு பிரச்சினையைத் துண்டு துண்டாக உடைத்துத் தீர்க்கும் முறை, தூக்கத்துக்கான வழிகள், சர்க்கரை போன்ற நோய்களைப் பார்த்துக்கொள்ளும் விதம் ஆகியவற்றை அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அரசு உதவிகளைப் பெறவும் கைகொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் வழக்கமான கவனிப்புப் பிரிவில் 14 சதவீதம்போல் பேருக்கு மனச்சோர்வு நோய் வந்திருந்தது. ஆலோசனை பெற்றவர்களில் அது 4 சதவீதம் சொச்சம். முடிவுகள் 2019இல் வெளியாயின.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அரசு உதவி. நம் நாட்டில் பெரும்பாலானோருக்கு ஓய்வு என்ற நாளே கிடையாது. கட்டட வேலையோ பூ வியாபாரமோ, உடம்பு விடும்வரை உழைப்பு. அவர்களுடைய கவலையில் பாதி பணக்கவலை. அதைப் பேச்சால் மட்டும் தீர்க்க முடியாது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுப்பதும் அங்கே சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

வீட்டில் இருக்கும் அம்மா

கணவர் ஓய்வு பெறும்போது மனைவியின் நாளும் மாறுகிறது. ஜப்பானில் மருத்துவர் நொபுவோ குரோகாவா, கணவர் ஓய்வு பெற்ற பிறகு மனைவியருக்கு வரும் தலைவலி, வயிற்றுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நோய்க்கூறாகவே 1990களில் விவரித்தார். நம் வீடுகளிலும் இது தெரிந்ததே. அதுவரை பதினொரு மணிக்குமேல் தனக்கென்று இருந்த நேரம் போய், மூன்றாவது காபியும் அடுப்படி மேற்பார்வையும் வந்துசேரும். இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் அமர்வுகளில் நேரத்தையும் இடத்தையும் வேலையையும் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பேசுவார்கள்.

வெளியே வேலைக்குப் போகாத பெண்களுக்கும் ஒரு பணி ஓய்வு உண்டு, அதற்கு விழா எடுப்பதில்லை. அடுப்படி மருமகள் கைக்குப் போகும் நாள் அது. கடைசிப் பிள்ளை வெளிநாடு போகும் நாள், கணவர் இறந்த பிறகு மகன் வீட்டுக்கு இடம்பெயரும் நாள். போவது அதே ஐந்துதான். "நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கிறேன்" என்று பாசமாகச் சொன்னாலும் போவது போவதுதான்.

முதியவர்களுக்காக மாறும் விஷயங்கள்

பெரியவர்களோடு பழகிய ஆலோசகர் மெதுவாகவும் தெளிவாகவும் முகம் பார்த்தும் பேசுவார். அமர்வு முடிவில் முக்கியமானதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார். சம்மதம் வாங்கியபின் குடும்பத்தில் ஒருவரைச் சில அமர்வுகளில் சேர்த்துக்கொள்வார். பயணம் சிரமமானால் போனில் தொடர்வார். வயது வித்தியாசமும் அந்த அறையில் ஒரு விஷயம். "என் பேத்தி வயசு, உனக்கு என்னம்மா தெரியும்?" என்று சிலர் சொல்வார்கள். நல்ல ஆலோசகர் அதற்குச் சுருங்கிப்போக மாட்டார். "தெரியாதுதான் ஐயா, நீங்க சொல்லுங்க" என்று அதிலிருந்தே தொடங்குவார். வீட்டில் யாரும் தன்னிடம் எதையும் கேட்பதில்லை என்று நினைப்பவருக்கு அதுவே முதல் மாற்றம்.

எப்படி அழைத்துப் போவது?

"உங்களுக்கு மனசு சரியில்ல, டாக்டரைப் பாக்கணும்" என்றால் முறுக்கிக்கொள்வார்கள். ஏமாற்றிக் கூட்டிப்போனால் அடுத்த முறை வரமாட்டார்கள். அவரே சொல்லும் குறையிலிருந்து தொடங்குங்கள். "மூணு மணிக்கே முழிச்சுடுறேன்னு சொல்றீங்களேப்பா, அதுக்கு ஒரு தடவ பாத்துட்டு வரலாம்" என்பது பொய்யும் இல்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சொன்னால் இன்னும் எளிது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால் காத்திருக்காதீர்கள். சாவைப் பற்றிப் பேசுவது, திடீரென்று சொத்து, நகை விவகாரங்களை முடித்துவைக்க அவசரப்படுவது, மாத்திரைகளையோ சாப்பாட்டையோ நிறுத்துவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நோய் கடுமையாக இருந்தால் பேச்சோடு மருந்தும் வேண்டும். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். அதேபோல ஆறேழு அமர்வுக்குப் பிறகும் தூக்கத்திலோ மனநிலையிலோ நடமாட்டத்திலோ எந்த மாற்றமும் இல்லையென்றால், முறையை மாற்றலாமா என்று ஆலோசகரிடமே கேட்கலாம்.

ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறவர்கள் சிகிச்சை இல்லாமலே ஒரு வேலையைச் செய்துகொள்ளலாம். ஒரு தாளில் ஐந்து தலைப்புகள்: ஒழுங்கு, மனிதர்கள், கூட்டுக் காரியம், பெயர், கட்டாயம். ஒவ்வொன்றும் இப்போது வேலையிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது, ஓய்வுக்குப் பின் எங்கிருந்து கிடைக்கும் என்று எதிரே எழுதுங்கள். வெறுமையாக நிற்கும் தலைப்புதான் பின்னாளில் விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பக்கூடியது. ஓய்வூதியக் கருத்துருவைக் கடைசி நாளுக்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிடுகிறோம். இந்தத் தாளையும் அந்தக் கோப்போடு சேர்த்தே தயாரிக்கலாம்.